புகார் எண்ணிக்கை: பூஜ்யம்

“எங்க கம்பெனில அந்த மாதிரி எல்லாம் கிடையாது. கமிட்டி இருக்கு, எச்.ஆர். இருக்கு. இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயின்ட்கூட வந்ததில்ல.”

பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் வேலை பார்த்த காலத்தில் இதை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் மனதார நம்பித்தான் சொன்னார்கள். பாலியல் தொல்லை என்பது எங்கோ சின்னப் பட்டறையிலும் சித்தாள் வேலையிலும் நடப்பது, ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் நிறுவனத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு என்பது அந்த நம்பிக்கை. அதை ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

முதல் துண்டு, ‘புகாரே வந்ததில்லை’. நான் இருந்த ஓர் அலுவலகத்தில் பேன்ட்ரிக்குப் போகும் வழியில், தண்ணீர் கேன்கள் அடுக்கிவைத்த சுவரில்தான் உள்ளகப் புகார்க் குழுவின் பெயர்ப் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். இரண்டு கேன்களை நகர்த்தினால்தான் முழுதாகப் படிக்க முடியும். குழுத் தலைவர் என்று போட்டிருந்த அம்மையார் வேலையை விட்டுப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவருடைய எக்ஸ்டென்ஷன் நம்பரை அழைத்தால் அக்கவுண்ட்ஸில் ஒரு பையன் எடுப்பான். எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் அந்த விவரத்தை வைக்கவேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது.

அந்த வருடம் எங்கள் டீமில் ஒரு பெண் திடீரென்று பேப்பர் போட்டாள். எச்.ஆரிடம் சொன்ன காரணம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. கடைசி நாளில் கழுத்துப் பட்டையைக் கழற்றி விரலில் சுற்றிக்கொண்டே, “ரிலீவிங் லெட்டர் கைக்கு வரட்டும்க்கா, அப்புறம் சொல்றேன்” என்றாள். லெட்டர் வந்தது. புதுக் கம்பெனியில் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் முடியட்டும் என்றாள். அதுவும் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில்தான் அந்த மேனேஜரைப் பற்றி வாயைத் திறந்தாள். அதற்குள் ஆறு மாதம் ஓடிவிட்டது. சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். சட்டத்தில் அவ்வளவுதான் இடம். ‘ஏன் அப்பவே சொல்லல?’ என்று கேட்பவர்களுக்கு என் பதில் அந்த லெட்டர்தான். சொன்னால் அது வராது என்று அவள் பயந்தாள். எங்கள் நிறுவனத்தின் கணக்கில் அந்த வருடமும் புகார் பூஜ்யம்.

இரண்டாவது துண்டு, ‘எச்.ஆர். இருக்கிறது’. இதற்கு ஊபர் நிறுவனத்தில் நடந்ததைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. சூசன் ஃபவுலர் என்ற இளம் பொறியாளர் 2015 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் அங்கே சேர்ந்தார். பயிற்சி முடிந்து தன் டீமில் உட்கார்ந்த முதல் நாளே, உடலுறவுக்குப் பெண் தேடிக்கொண்டிருப்பதாக மேனேஜர் அலுவலகச் சாட்டில் அவருக்கு எழுதினார். ஃபவுலர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு நேரே எச்.ஆரிடம் போனார். எழுத்தில் ஆதாரம், அன்றைக்கே புகார். நம் ஊரில் பெண்களிடம் கேட்பதெல்லாம் அவர் கையில் இருந்தது.

கிடைத்த பதில்: இது அவருடைய முதல் தவறு, அவர் நன்றாக வேலை செய்கிறவர், எச்சரிக்கைக்கு மேல் போக முடியாது. வேண்டுமானால் நீங்கள் வேறு டீமுக்குப் போங்கள். இங்கேயே இருந்தால் அவர் உங்களுக்கு மோசமான அப்ரைசல் போடக்கூடும், அதற்கு நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. ஃபவுலர் டீம் மாறினார். பிறகு மற்றப் பெண்களோடு பேசும்போதுதான் தெரிந்தது, அதே மேனேஜர்மீது தனக்கு முன்பே புகார் போயிருக்கிறது, அவர்களிடமும் ‘முதல் தவறு’ என்றே சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஆளுக்கு எத்தனை முதல் தவறுகள்!

அதோடு நிற்கவில்லை. ஃபவுலர் சார்ந்த பிரிவில் எல்லோருக்கும் தோல் ஜாக்கெட் வாங்கித் தருவதாகச் சொல்லி அளவெடுத்தார்கள். 120-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு ஆர்டர் போனது. மிச்சமிருந்த ஆறு பெண்களுக்கு இல்லை. எண்ணிக்கை குறைவு, தள்ளுபடி கிடைக்காது என்று காரணம். சின்ன விஷயம்தானே என்று இதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. யார் நம்மவர், யார் ஓரமாக நிற்கவேண்டியவர் என்பதை அந்த ஜாக்கெட் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறது. மேனேஜர் சாட்டில் துணிந்து எழுதுவது அப்படிப்பட்ட இடத்தில்தான்.

2016 டிசம்பரில் ஃபவுலர் விலகினார். 2017 பிப்ரவரி 19 அன்று நடந்ததையெல்லாம் வலைப்பக்கத்தில் எழுதி வெளியிட்டார். அதன்பிறகு வெளியிலிருந்து சட்ட நிறுவனங்கள் வந்து விசாரித்தன. பரிசீலனைக்கு வந்த புகார்கள் 215. அவற்றில் 47 பாலியல் தொல்லை பற்றியவை. ஜூன் மாதத்துக்குள் 20-க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். தலைமைச் செயல் அதிகாரி டிராவிஸ் கலானிக்கும் பதவி விலகினார். எச்.ஆர். இருந்த கம்பெனிதான் அது. முறையான வழியில் போன ஒரு வருடத்தில் நடக்காதது, ஒரு பெண் வெளியே வந்து எழுதிய பிறகு நான்கு மாதத்தில் நடந்தது.

‘கடைசியில் வெளியே அனுப்பிவிட்டார்களே, அதுதானே தண்டனை’ என்பது இன்னொரு வாதம். எப்படி அனுப்புகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டை உருவாக்கிய ஆண்டி ரூபின்மீது கூகுளில் வந்த பாலியல் புகாரை நம்பத்தக்கது என்று நிறுவனமே முடிவுசெய்தும், 9 கோடி டாலர் கொடுத்து 2014-இல் வழியனுப்பியது என்று நியூயார்க் டைம்ஸ் 2018 அக்டோபரில் எழுதியது. ரூபின் குற்றச்சாட்டை மறுத்தார். அடுத்த வாரம், நவம்பர் 1 அன்று, உலகமெங்கும் சுமார் 20,000 கூகுள் ஊழியர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார்கள். புகார் கொடுத்தவர் டீம் மாறவேண்டும், புகாருக்கு ஆளானவர் பணத்தோடு போகவேண்டும் என்றால் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றப் பெண்கள் என்ன கற்றுக்கொள்வார்கள்?

‘பொய்ப் புகார் கொடுத்து ஆளைக் கவிழ்த்துவிடுகிறார்கள்’ என்பதற்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, தெரிந்தே பொய்யாகப் புகார் கொடுத்தவர்மீது நடவடிக்கை எடுக்க வழி செய்திருக்கிறது. நிரூபிக்க முடியவில்லை என்பதால் மட்டும் புகார் கொடுத்தவர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. பயமுறுத்துகிறவர்கள் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இந்தச் சட்டமே படித்த பெண்களின் சலுகை என்று பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஏசி அறையில் லேமினேட் செய்து ஒட்டியிருக்கும் அந்தத் தாளுக்கு வேர் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் இருக்கிறது. அரசின் மகளிர் திட்டத்தில் வேலை பார்த்த பன்வாரி தேவி, ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-இல் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அவருக்காகப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதால் வந்ததுதான் பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய 1997-இன் விசாகா தீர்ப்பு. அதிலிருந்து சட்டம் வர இன்னும் 16 வருடம். வேலையைச் செய்யப்போன இடத்தில் நடந்தது என்பதுதான் அவருடைய வழக்குக்கும் சாட்டில் வந்த செய்திக்கும் உள்ள உறவு.

2025 ஜூலை முதல், வருடத்தில் எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை முடிந்தன, 90 நாளைத் தாண்டி எத்தனை கிடப்பில் இருக்கின்றன என்பதை நிறுவனங்கள் தங்கள் இயக்குநர் குழு அறிக்கையில் எழுத வேண்டும். முன்பெல்லாம் கமிட்டி அமைத்திருக்கிறோம் என்று ஒரு வரி போட்டால் போதுமானதாக இருந்தது. பத்தாயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனியின் அறிக்கையில் மூன்று இடத்திலும் பூஜ்யம் என்று பார்த்தால் எனக்கு நிம்மதி வராது. அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் கேட்பேன்: அந்தப் பட்டியல் எந்தச் சுவரில் இருக்கிறது, அதில் உள்ள தலைவர் இன்னும் வேலையில் இருக்கிறாரா, அந்த நம்பருக்கு அடித்தால் யார் எடுக்கிறார்கள்?