நோவைப் போற்றும் வீரம்: கராத்தேப் பயிற்சியும் என்புக் கன்றலும்

கராத்தேப் பயிற்சிக்கூடங்களிலே வாதத்துக்குக் குறைவில்லை. எந்தக் குருமரபு தூயது, போட்டிகள் கலையை வளர்க்கின்றனவா அன்றிக் கெடுக்கின்றனவா என்பன போன்ற வினாக்கள் ஓயாது எழுப்பப்படுகின்றன. ஆயின் ஒரு கொள்கை மட்டும் எவராலும் வினாவப்படாது மூத்தோரிடமிருந்து இளையோருக்குக் கையளிக்கப்பட்டு வருகின்றது. அடிபட அடிபட என்பு இறுகும் என்பதே அக்கொள்கை. கணைக்காலில் நோவென்று முறையிடும் புதிய மாணவனுக்குக் கிடைக்கும் மறுமொழி, பயிற்சியை நிறுத்தாதே என்பதுதான். நிறுத்தியவன் கோழை, தொடர்ந்தவன் வீரன் என்ற தீர்ப்பும் உடனே வழங்கப்பட்டுவிடும். இத்தீர்ப்புக்கு ஆதாரமாக விஞ்ஞானத்தின் பெயரும் இன்று இழுக்கப்படுகின்றது. விஞ்ஞானம் உண்மையிற் கூறுவது யாது என்பதை நோக்குமிடத்து, இக்கொள்கை அறியாமையின் விளைவு மட்டுமன்று, கூடத்தின் அதிகாரத்தைக் காக்கும் கருவியுமாகும் என்பது புலனாகும்.

என்புக் கன்றல் என்பது தோல் நீலம் பாரிப்பதன்று. என்பின் புறத்தே வன்மையான ஓடும், அகத்தே பஞ்சுபோன்ற நுண்சட்டங்களின் பின்னலும் உள்ளன. அப்பின்னலின் இடைவெளிகளில் மச்சை நிறைந்திருக்கும். பலத்த அடியொன்று விழும்போது புறவோடு முறியாதிருக்க, உள்ளேயுள்ள நுண்சட்டங்கள் ஆங்காங்கே முறிந்து மச்சையினுள் குருதியும் நீரும் கசிகின்றன. தசையில் ஏற்படும் வீக்கம் விரிவதற்கு இடமுண்டு. என்பினுள் அதற்கு இடமில்லை. ஆகவேதான் இந்நோவு ஆழத்திலிருந்து எழுவதாகவும், நாட்கணக்கில் அன்றி வாரக்கணக்கில் நீடிப்பதாகவும் உள்ளது. கணைக்காலின் முன்புறத்தில் என்புக்கும் தோலுக்குமிடையே தசை என்பதே கிடையாது என்பதும், என்பைப் போர்த்துள்ள சவ்வு நரம்புகள் செறிந்தது என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கன.

இக்காயம் இத்துணைக் காலம் ஏளனத்துக்குள்ளானமைக்கு ஒரு காரணம், அது கண்ணுக்குத் தெரியாதிருந்தமையாகும். றொன்ட்ஜன் 1895 இல் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்த பின்னர், என்பு பற்றிய இறுதித் தீர்ப்பை வழங்கும் உரிமை எக்ஸ் கதிர்ப்படத்துக்கே உரியதாயிற்று. படத்திலே முறிவு தெரியாவிடின் காயமும் இல்லை என்பது முடிவு. 1973 இல் லோட்டபர் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த காந்தப் பரிவுப் படமுறை வைத்தியசாலைகளுக்கு வந்த பின்னரே நிலைமை மாறியது. 1980களின் பிற்பகுதியிலே, குறிப்பாக முழங்கால் பற்றி மிங்க், டொயிற்ஷ் ஆகியோர் 1989 இல் வெளியிட்ட ஆய்வில், எக்ஸ் கதிர்ப்படத்தில் யாதொரு குறையுமின்றித் தோன்றிய என்புகளினுள்ளே கன்றல் தெளிவாகக் காணப்பட்டது. வைத்தியம் தன் தீர்ப்பைத் திருத்திக்கொண்டது. பயிற்சிக்கூடமோ "படத்தில் ஒன்றுமில்லையே" என்ற பழைய வாசகத்தையே இன்றும் உச்சரித்துக்கொண்டிருக்கின்றது.

என்பை இறுக்கும் கொள்கையினர் எடுத்தாளும் பெயர் யூலியஸ் வொல்ஃப் என்பதாகும். என்பு தன்மீது சுமத்தப்படும் பாரத்துக்கேற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்று இந்த ஜேர்மானிய வைத்தியர் 1892 இல் எழுதினார். இது பெருமளவுக்கு உண்மை, மறுப்பதற்கில்லை. 1977 இல் வெளியான ஆய்வொன்றிலே தொழில்முறை ரெனிஸ் வீரர்களின் மேற்கை என்பு ஆராயப்பட்டபோது, பந்தடிக்கும் கையில் என்பின் ஓட்டுத்தடிப்பு மற்றைக் கையினதைவிட ஆண்களில் ஏறத்தாழ 35 வீதமும் பெண்களில் ஏறத்தாழ 28 வீதமும் கூடியிருந்தது. இதனைவிடச் சிறந்த சான்று அவர்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆனால் இச்சான்று எதனை நிறுவுகின்றது? ஆண்டுக்கணக்கான பயிற்சியிலே தசைகள் என்பை இழுத்தும் வளைத்தும் சுமத்திய பாரத்துக்கு என்பு விடையிறுத்தது என்பதையே நிறுவுகின்றது. கன்றிய இடத்தின்மேல் மீண்டும் மீண்டும் அடிப்பதால் என்பு தடித்தது என்று அதிலே ஓரிடத்திலும் இல்லை. பாரம் வேறு, சிதைவு வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதிலேதான் முழு மோசடியும் தங்கியுள்ளது.

சிதைவுற்ற என்பு முதலிற் செய்யும் காரியம் யாது? கட்டுவதன்று, தோண்டுவது. பழுதுற்ற பகுதியை அரித்து அகற்றும் கலங்களே முதலில் வந்து சேர்கின்றன. இவ்வகழ்வு ஏறத்தாழ மூன்று வாரங்கள் நிகழும். அதன் பின்னரே என்பை அமைக்கும் கலங்கள் அக்குழியை நிரப்பத் தொடங்குகின்றன. அந்நிரப்புதலுக்கு மூன்று மாதங்களோ அதற்கு மேலோ செல்லும். எனவே அடிபட்ட என்பு, அடிபட்ட மறுவாரத்தில் முன்னைவிட வலிமையானதன்று, நலிந்தது. கூடத்தின் கட்டளை "அடி" என்று ஒலிப்பதும் அதே வாரத்திற்றான். பிரசிய இராணுவ வைத்தியரான பிரைத்தோப்ற் என்பவர் 1855 இலேயே நெடுநடை பயின்ற சிப்பாய்களின் பாதங்கள் வீங்கி நோவதை விவரித்திருந்தார். அது என்பின் முறிவே என்பது எக்ஸ் கதிர்கள் வந்த பின்னரே தெளிவாயிற்று. படைப்பயிற்சியின் தொடக்க வாரங்களிலே இத்தகைய தளர்ச்சி முறிவுகள் மிகுதியாகத் தோன்றுவது பின்னர் பல நாடுகளிலும் அறியப்பட்டது. பயிற்சி கடுமையாகையில் என்பு இறுகிவிடும் என்ற கணக்கு உண்மையாயின் இவ்வாறு நிகழ்ந்திருக்கலாகாது.

றொப்ளிங் முதலியோர் 2002 இல் வெளியிட்ட ஆய்வொன்றும் இங்கு குறிப்பிடத்தக்கது. எலிகளின் முன்கை என்பின்மீது நாளொன்றுக்கு 360 தடவை பாரம் ஏற்றப்பட்டது. ஒரு பிரிவுக்கு அவ்வளவும் ஒரே தொடராகவும், மற்றைப் பிரிவுக்கு 90 தடவை வீதம் இடைவெளிவிட்டு நான்கு தொடர்களாகவும் ஏற்றப்பட்டபோது, இடைவெளி பெற்ற பிரிவின் என்பே கூடிய வலிமை பெற்றது. பாரத்தின் அளவு ஒன்றே. வேறுபட்டது ஓய்வு மட்டுமே. எலி வேறு மனிதன் வேறு என்பார் சொல்லலாம். எனினும் ஓய்வின்றி அடிப்பதே என்பை வளர்க்கும் என்பதற்கு எலியளவு சான்றுகூட அவர்களிடம் இல்லை.

கொங்கிறீற்றுக் கட்டிகளை உடைத்துக் காட்டுவது அடுத்த வாதம். பார்வையாளரை வாயடைக்கச் செய்ய இது போதும். ஆனால் மைக்கல் ஃபெல்ட், றொனால்ட் மக்நெயர், ஸ்ரீபன் வில்க் ஆகிய பௌதிகவியலாளர் 1979 இல் கராத்தேயின் பௌதிகம் பற்றி எழுதிய கட்டுரை இந்த வித்தையின் திரையை விலக்கிவிட்டது. என்பு இயல்பிலேயே கொங்கிறீற்றைவிட ஏறத்தாழ நாற்பது மடங்கு தகைப்பைத் தாங்கவல்லது. உடைப்பவனின் வெற்றிக்குக் காரணம் கையின் வேகமும், அடிக்கும் கோணமும், தாக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் தசை நாண்களுமாம். இவ்வாறு எழுதிய மக்நெயர் ஏட்டுப்புலவர் அல்லர். கராத்தேயிற் கறுப்புப்பட்டி பெற்றவர், பின்னர் விண்வெளி வீரராகி 1986 இல் சலஞ்சர் விபத்தில் மாண்டவர்.

மரபு என்ற சொல்லும் தவறாமல் எடுக்கப்படும். மரபையே நோக்குவோம். ஒக்கினாவாவில் கராத்தேயைப் பாடசாலைகளுக்குக் கொண்டுவந்த இத்தோசு அங்கோ, 1908 இல் எழுதிய கடிதத்திலே மக்கிவாராவை ஒவ்வொரு கையாலும் நூறு இருநூறு தடவை குத்துமாறு கூறியது உண்மையே. ஆனால் மக்கிவாரா என்பது யாது? நிலத்தில் நாட்டப்பட்டு, மேலே செல்லச் செல்ல மெலிந்து, வைக்கோற் புரி சுற்றப்பட்ட பலகை. அடித்தால் வளையும், வளைவதற்காகவே அவ்வாறு செதுக்கப்பட்டது. பூனாகோஷி கிச்சின் 1922 இல் ரோக்கியோ சென்று, 1924 இல் கீயோ பல்கலைக்கழகத்திலே மாணவர் கழகம் தோன்றியதன் பின்னர், கராத்தே யப்பானியப் பல்கலைக்கழகங்களிலே பரவி அங்கிருந்து உலகெங்கும் சென்றது. சென்றவிடமெல்லாம் எண்ணிக்கை போய்ச் சேர்ந்தது. வளையும் பலகை பல இடங்களுக்குப் போய்ச் சேரவில்லை. சீமெந்துச் சுவரும் மரத்தூணும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. 1989 இல் வெளிவந்த "கிக்பொக்ஸர்" என்ற அமெரிக்கத் திரைப்படத்தில் கதாநாயகன் மரத்தை உதைத்துக் கால் பழக்கியதைக் கண்ட இளைஞர் அதையே தாய்லாந்து மரபென்று நம்பினர். தாய்லாந்தார் உதைத்துப் பழகியது வாழையை. இன்று உதைப்பது பொதியையும் மெத்தைக் கவசத்தையும். வாழைத்தண்டின் மென்மையை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆண்டாண்டாகப் பயின்று இறுகிய கால்களுக்கும் எல்லையுண்டு. 2013 டிசம்பரில் அண்டர்சன் சில்வா உதைத்த உதையை கிறிஸ் வைட்மன் முழங்காலுக்குக் கீழே தடுத்தபோது முறிந்தது சில்வாவின் கணைக்கால். 2021 ஏப்ரலில் அதே வைட்மன் யூரையா ஹோலை உதைத்தபோது அவரது கால் அவ்வாறே முறிந்தது. உலகின் முதல்தர வீரர் இருவரின் கதை இது. பயிற்சியினால் நோவு குறைகின்றதே என்பார்க்கு ஒரு சொல்: குறைவது பெரும்பாலும் நோவை உணர்தலேயாகும். எச்சரிக்கை மணியின் நாவை அறுத்துவிட்டுத் தீ அணைந்ததெனக் கூறலாமா?

இனிச் சிகிச்சைக்கு வருவோம். கூடங்களிலே இரு மருந்துகள் உள. ஒன்று, சீன மரபிலிருந்து வந்த அடிகாயத் தைலம். அது தோலைக் குளிர்விக்கலாம், மச்சையை எட்டாது. அதன் சில செய்முறைகளில் நாவி என்னும் கொடிய நஞ்சுப்பூடும் சேர்வதுண்டு. புண்பட்ட தோலில் அதனைப் பூசுவது ஆபத்தானது. மற்றையது, மூத்த மாணவன் வலிந்து பிசைந்துவிடும் உபகாரம். புதிதாகக் கன்றிய இடத்தைப் பிசைவது கசிவைக் கூட்டும். தொடைத்தசை ஆழமாகக் கன்றியிருப்பின் தசையினுள்ளேயே என்பு படியும் விபரீதத்துக்கும் அது வழிகோலலாம். முதலிரு நாட்களில் துணியிற் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து இருபது நிமிடம் வைத்தல், காலை உயர்த்தி வைத்தல் ஆகியன நோவைத் தணிக்கும். ஆறுதலை விரைவுபடுத்தும் என்று எண்ணுதல் தவறு. அழற்சியடக்கும் குளிசைகள் என்பு ஆறுவதைத் தாமதிக்கக்கூடுமா என்ற ஐயம் வைத்திய உலகிலே இன்னும் தீர்ந்தபாடில்லை. குளிசையை விழுங்கிவிட்டுப் பயிற்சிக்குச் செல்வதோ ஐயத்துக்கே இடமற்ற மடமை.

மருந்தென்று சொல்லத்தக்கது காலமே. அவ்விடத்தில் அடி விழாதிருக்க வேண்டும். நடக்கையில் நோவு உண்டாயின் ஊன்றுகோல் கொண்டு பாரத்தைக் குறைக்க வேண்டும். சிறு கன்றல் சில வாரங்களில் ஆறும். மூட்டை அண்டிய பெருங்கன்றல் பல மாதங்கள் எடுக்கும். விரலால் அழுத்தினும், படியேறினும், ஒற்றைக்காலிற் குதிப்பினும் நோவில்லை என்ற நிலை வந்த பின்னரே மென்பொதியை மெல்ல உதைக்கலாம். எதிராளியுடன் மோதுவது அதற்கும் பின்னர். நோவு ஒரு விரல்நுனியளவு இடத்தில் குவிந்து, இரவிலும் ஓய்விலும் விடாதிருப்பின் அது கன்றலன்று, தளர்ச்சி முறிவாயிருக்கக்கூடும். கணைக்கால் முன்புறத்தின் நடுவே தோன்றும் அத்தகைய முறிவு எளிதில் ஆறாதது. அலட்சியம் செய்யின் முற்றாக முறியவும் கூடும். கால் இறுகி வீங்கி, பொறுக்கவொண்ணா நோவுடன் பாதம் மரத்துப்போகுமாயின் மணித்தியாலக் கணக்கில் சத்திரசிகிச்சை தேவைப்படும். புகைப்பவனின் என்பு மெல்லவே ஆறும். எடைப்பிரிவுக்காகப் பட்டினி கிடப்போருக்கும், அதனால் மாதவிடாய் தடைப்பட்ட பெண்களுக்கும் தளர்ச்சி முறிவு கூடுதலாக ஏற்படும். இவற்றை அறியாத பயிற்றுநர் எடை குறை என்று கட்டளையிடும்போது தாம் எதனைக் குறைக்கின்றார் என்பதையும் அறியார்.

இவ்வளவும் நூல்களில் உள்ளவையே. ஆயினும் அவை கூடத்தினுள் நுழைவதில்லை. காரணம், நோவு அங்கே உடலின் செய்தியாகக் கருதப்படாது, கீழ்ப்படிவின் அளவுகோலாகக் கருதப்படுகின்றமையாகும். மூத்தவன் தான் பட்டதை இளையவனும் பட வேண்டும் என விரும்புகின்றான். அவ்விருப்பத்துக்கு ஒழுக்கம் என்று பெயர். விழுப்புண் பட்ட நாளைப் பயனுள்ள நாளாக எண்ணிய மரபை இதற்குத் துணைக்கழைக்கும் தமிழரும் உளர். அவ்விழுப்புண் பகைவன் தந்தது. சுவரில் மோதித் தானே தேடிக்கொண்டது அன்று.

யப்பானிலேயே இதற்கு மாறான ஒழுங்கும் உண்டு. யூடோ மரபில் வந்த என்பு வைத்தியர் அங்கு 1970 ஆம் ஆண்டுத் தனிச்சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றே தொழில் புரிய வேண்டும். வீழ்த்தக் கற்றவர்களிடையே காயத்தைப் பேணுவது தனிக்கல்வியாகக் கொள்ளப்பட்டது. பல்கலைக்கழகக் கழகங்களிற் பயிற்றுநரிடம் கேட்க வேண்டியது அத்துணைப் பெரிய கல்வியுமன்று. காயங்களைப் பதியும் ஏடு ஒன்று இருத்தல் வேண்டும். அடிபட்ட மாணவன் திரும்பும் நாளைக் குறிப்பவர் வைத்தியராக இருத்தல் வேண்டும், பயிற்றுநராக அன்று. அவன் காலுதைக்காது கைப்பயிற்சி செய்யும் வாரங்களும் வரவாகவே கணிக்கப்படல் வேண்டும். அவற்றைக் காரணங்காட்டி அடுத்த பட்டிக்கான தேர்விலிருந்து அவனை விலக்கும் வழக்கம் இவ்வாண்டே நிறுத்தப்படல் வேண்டும்.