விஷமேறிய நிலமும் காந்த முறையும்

நிலத்தில் சேரும் இலை, தழை, சாணம் யாவும் மக்கி எருவாகும். காட்மியம், ஈயம், குரோமியம் முதலிய கன உலோகங்களோ மக்குவதில்லை. ஒரு முறை சேர்ந்தவை தலைமுறைகள் கடந்தும் அங்கேயே தங்கும். அவற்றுள் காட்மியம், நெற்பயிர் வாடாமல் இருக்கும்போதே மணிக்குள் ஏறிவிடக்கூடியது. ஆகையால், பயிரின் செழிப்பை மட்டும் கண்டு பூமி குற்றமற்றது என்று தீர்மானிப்பதற்கில்லை.

இத்தகைய பூமியைக் காந்தத்தின் உதவியால் சீர்செய்யும் முறையொன்று ஆராயப்பட்டு வருகிறது. மேற்கூறிய உலோகங்களைக் காந்தம் தானாக இழுப்பதில்லை. ஆகவே, காந்தம் இழுக்கக்கூடிய இரும்பு ஆக்ஸைடின் நுண்பொடிக்கு, அவ்வுலோகங்களைப் பற்றிக்கொள்ளும் ரசாயனப் பூச்சு இடப்படுகிறது. மண்ணை நீரில் குழம்பாகக் கரைத்து, இப்பொடியைச் சேர்த்துக் கலக்கினால், கரைந்து வரும் உலோகம் பொடியில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் வலிய காந்தத்தால் பொடியை மீட்டு, நீர்த்த அமிலத்தில் கழுவி, மீண்டும் உபயோகிக்கலாம். மேல்மண்ணை வெட்டி அகற்றாமலே குற்றத்தைப் பிரித்தெடுப்பது இம்முறையின் சிறப்பு.

எனினும், இதில் இடையூறுகளும் உள. களிமண்ணோடு இறுகப் பிணைந்த உலோகம் எளிதில் பொடிக்கு வராது. பொடியில் ஒரு பங்கு நிலத்திலேயே தங்கிவிடும். இயற்கையாகவே காந்த மணல் மிகுந்த நிலத்தில் அம்மணலும் உடன் வந்து வேலையைக் கெடுக்கும். பயிருக்கு வேண்டிய துத்தநாகம் போன்ற சத்துக்களும் கூடவே போகக்கூடும். உலோகம் கலந்த அமில நீரை எங்கே விடுவது என்பது மற்றொரு கவலை. இவையெல்லாம் தனிக் குடியானவரின் சக்திக்கு மேற்பட்ட காரியங்கள்.

இவ்விஷயத்தில் ஜப்பான் தேசத்து டோயாமா மாகாணத்தின் அனுபவம் கவனிக்கத் தக்கது. காமியோகா சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம், ஜின்ஸூ ஆற்றுப் பாசனத்தின் வழியே நெல்வயல்களில் படிந்தது. அந்த அரிசியையும் நீரையும் உட்கொண்ட ஜனங்கள், முக்கியமாக ஸ்திரீகள், எலும்புகள் மெலிந்து முறியும் கொடிய நோய்க்கு ஆளாயினர். நோயாளிகள் கதறிய 'இத்தாய், இத்தாய்' (வலிக்கிறது, வலிக்கிறது) என்னும் சொல்லே நோயின் பெயராயிற்று. 1968-இல் அந்நாட்டுச் சர்க்கார் காரணத்தை ஒப்புக்கொண்டது. 1972-இல் வழக்கில் வென்ற குடிகள், நிபுணர்களுடன் சுரங்கத்துக்குள் சென்று கழிவைச் சோதிக்கும் உரிமையைக் கம்பெனியிடம் உடன்படிக்கையாகப் பெற்றனர். அதன் பின்னரே, 1979 முதல் 2012 வரை, கெட்ட மண்ணைப் புதைத்து நல்ல மண் பரப்பி, சற்றேறக்குறைய 860 ஹெக்டேர் சீராக்கப்பட்டது. செலவில் ஒரு பங்கைக் கம்பெனி ஏற்றது.

இதிலிருந்து விளங்கும் கிரமம் தெளிவானது. கழிவு வரும் வாயை முதலில் அடைக்க வேண்டும், எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு கேடு என்பதை அடுத்து அறிய வேண்டும், சீர்திருத்தம் மூன்றாவது. வாய்க்காலில் கழிவு ஓடிக்கொண்டிருக்கையில் காந்தத்தைக் கொண்டு மண்ணைக் கழுவுவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போலாகும். செலவும் நிலத்தைக் கெடுத்தவரையே சாரவேண்டும். பாலாற்றுப் பக்கத்துத் தோல் பதனிடும் சாலைகளைப் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996-இல் அளித்த தீர்ப்பு, இக்கொள்கையை இந்நாட்டுச் சட்டமாகவே ஏற்றுள்ளது.

ஆகவே, தொழிற்சாலைக் கழிவு பாயும் பாசனத்தில் நிலமுடையோர், உரச்சத்துக்காக மட்டுமன்றிக் கன உலோகங்களுக்காகவும் மண்ணையும் தானியத்தையும் சோதிக்கக் கோருவது அவசியம். புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுவதும், கதிர் வரும் பருவத்தில் வயலில் நீர் நிறுத்துவதும் காட்மியம் மணியில் ஏறுவதைக் குறைக்கும். ஆனால் ஆர்ஸனிக் உள்ள நிலத்தில் நீர் நிறுத்துவது தீமையை வளர்க்குமாதலால், சோதனைக்கு முன் எதையும் செய்தல் கூடாது. கிராம அதிகாரிகள் கழிவு கலக்கும் இடங்களையும் பாயும் வயல்களையும் தேதிவாரியாகக் குறித்து வைப்பார்களாயின், பின்னாளில் குடியானவருக்கு அதுவே சாட்சியாகும். காந்த முறை தேறி வரும் நாளில், எந்த நிலத்தில் அதைப் பிரயோகிப்பது என்பதையும் அக்குறிப்பே காட்டும்.