சுவிட்ச் போட்டால் கேட்காது

காக்ளியர் கருவியை ஆன் செய்ததும் குழந்தை சிரிக்கிற வீடியோவைப் பகிர்ந்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோமே, அதுதான் பிரச்சினை. சுமார் 3,500 உள்மயிர்ச்செல்கள் செய்த வேலையை, அதிகபட்சம் இருபத்துச் சொச்சம் மின்முனைகள் செய்கின்றன. முதல் வாரம் குத்துக்கல்வலசையில் எனக்கு பஸ் ஹாரனும் அம்மா குரலும் ஒரே கீச்சுதான். பல்லியும் பள்ளியும் வேறாக மாதக்கணக்கில் பயிற்சி வேண்டியிருந்தது.

முதலமைச்சர் காப்பீட்டில் குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை கிடைப்பது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆபரேஷன் எண்ணிக்கையை மட்டும் வெற்றி என்று சொல்லாதீர்கள். சர்வரை மாட்டியதோடு புராஜெக்ட் முடிந்தது என்று எந்த ஐடி மேனேஜராவது சொல்வாரா? அன்றைய கூலியை விட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குப் பஸ் ஏறுகிற தாயை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? எத்தனை காதில் கருவி இருக்கிறது என்பதை விடுங்கள். எத்தனை பிள்ளைகள் கூப்பிட்டால் திரும்புகிறார்கள், அதைச் சொல்லுங்கள்.