அடைக்கிறவன் பயந்தாங்கொள்ளியா?



நம் ஹாஸ்டல் பொது அறையில் ஒரு கேரம் போர்டு இருக்கிறது. அதைச் சுற்றி நிற்கும் கூட்டம் எதற்குக் கை தட்டுகிறது? 'டமார்' என்று அடித்து, காய்கள் நாலா பக்கமும் சிதறி, ஒன்று குழியில் விழுந்தால் விசில் பறக்கிறது. போட வழியில்லாதபோது ஒருத்தன் தன் காயை மெதுவாகத் தள்ளி எதிராளியின் வழியை அடைத்தால், "என்னடா இது பயந்தாங்கொள்ளி ஆட்டம்!" என்கிறார்கள். இதைத்தான் நான் மறுக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கேம் என்பது 25 பாயிண்ட், இல்லையென்றால் 8 போர்டு. போர்டை ஜெயித்தவனுக்கு எதிராளியின் மீதிக் காய் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயிண்ட். ரெட்டை எடுத்து ஃபாலோ போட்டிருந்தால் இன்னும் 3. (22-ஐத் தொட்டவனுக்கு அந்த 3 கிடையாது.) ரெட்டை எடுத்தவன் போர்டைத் தோற்றால் அந்த 3 யாருக்குமே கிடையாது. இது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது!

எதிராளிக்கு இரண்டு காய் பாக்கி, உங்களுக்கு ஆறு, ரெட் நடுவில் நிற்கிறது என்று வையுங்கள். நம்ம ஆள் என்ன செய்வான்? ஆறையும் போட்டுவிடும் வெறியில் ஓங்கி அடிப்பான். அந்த வேகத்தில் எதிராளியின் காயைப் பிரித்துக் கொடுப்பான். போச்சு, 9 பாயிண்ட்! யோசிக்கிறவன் ரெட்டை எடுத்து ஒரு ஃபாலோ போடுவான். போர்டு போனாலும் போவது 5 தான். மிச்சம் பிடித்த 4 பாயிண்ட்டின் அருமை ஏழாவது, எட்டாவது போர்டில் தெரியும்.

ரெட்டை எடுக்க முடியவில்லையா? எடுக்காமல் அவனாலும் கடைசிக் காயைப் போட்டு ஜெயிக்க முடியாது. அதை அவனுக்கு வசதியில்லாத மூலைக்கு நகர்த்துங்கள். குழி வாயில் நிற்கும் உங்கள் காயை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். அது எங்கே ஓடிவிடப் போகிறது? அங்கே நிற்கும்வரை அந்தக் குழிக்கு அது காவல்காரன். அவன் இடித்தால் விழுவது உங்கள் காய்தான்.

நகரியிலிருந்து பஸ்ஸில் வரும் நம் தெலுங்கு நண்பர்கள் சிலர் இப்படித்தான் ஆடுகிறார்கள். "மெல்லகா, மெல்லகா" என்று சொல்லிக்கொண்டே காயை நகர்த்தி நம்மைத் தோற்கடிக்கிறார்கள். கோல்ஃப் குரோக்கே என்று ஓர் ஆட்டம் உண்டு. புல்தரையில் மரச்சுத்தியால் பந்தை அடித்துக் கம்பி வளையத்துக்குள் விட வேண்டும். எதிராளியின் பந்து வளையத்துக்கு நேரே நின்றால், முதலில் அதை அடித்து விரட்டுவார்கள், அல்லது குறுக்கே தன் பந்தை நிறுத்துவார்கள். இதில் பலமுறை உலகப் பட்டம் வென்ற எகிப்துக்காரர்களை யாராவது பயந்தாங்கொள்ளி என்பார்களா?

என் அப்பா தறி ஓட்டுகிறவர். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். கேரம் என்றாலே அவருக்கு "வேலையத்த பசங்க ஆட்டம்". அவர் மேல் தப்பில்லை. டீக்கடைக்குப் பின்னால் பந்தயம் கட்டி ஆடுவதைத்தானே பார்த்திருக்கிறார்! சர்வதேச கேரம் சம்மேளனமே 1988-ல் சென்னையில்தான் பிறந்தது, அதே ஊர் மரிய இருதயம் 1991, 1995-ல் உலகச் சாம்பியன் ஆகி 1996-ல் அர்ஜுனா விருது வாங்கினார் என்று சொன்னேன். அசையவில்லை. வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்சில் உலகப் பட்டம் வென்றதைச் சொன்னேன். கடைசியில், ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியதைச் சொன்னபோதுதான், "பொம்பளப் புள்ளையா?" என்று தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அதே கேள்வியை நம் பேரவையிடம் நான் கேட்கிறேன். நம் ஒரே போர்டு இருப்பது பையன்கள் ஹாஸ்டலில். அதுவும் நடுவில் வளைந்து, எந்தக் காயும் நேராகப் போவதில்லை. வளைந்த போர்டில் மெதுவாக ஆட முடியாது. ஓங்கி அடிக்கத்தான் முடியும். நம் மாணவிகள் ஸ்ட்ரைக்கரைத் தொட்டுப் பார்க்கவே இடமில்லை. கிரிக்கெட் மட்டைக்குப் பணம் ஒதுக்கும்போது இரண்டு நல்ல போர்டும் ஒரு வருஷத்துக்குப் போரிக் பவுடரும் வாங்க முடியாதா? ஒரு போர்டு மாணவியர் ஓய்வறைக்குப் போகட்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். கை தூக்குகிறவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுங்கள்.

— இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்