தோற்ற மறுநாள் காலையில்...



பள்ளி தொடங்கும் முதல் வாரத்தில் வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் நடக்கும் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு வகுப்பொன்றில் நானும் அதனைச் செய்தேன். ஒரு மாணவியும் ஒரு மாணவனும் போட்டியிட்டனர். மாணவியைச் சுட்டிக்காட்டி, "இவர் தலைவராக இருப்பதை ஒப்புக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றேன். பெரும்பாலான கைகள் உயர்ந்தன. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது என்று மகிழ்ந்தேன்.

மறுநாள் காலை, தோற்ற மாணவனின் தாயார் வகுப்பறை வாசலில் நின்றார். "டீச்சர், நீங்க முதல்லயே அந்தப் பிள்ளையைக் காட்டித்தான் கேட்டீங்களாம். அப்புறம் என் மகனுக்கு யாரு கை தூக்குவா?" என்றார். எனக்குச் சினம் வந்தது. ஒரு வகுப்புத் தலைவர் பதவிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று எண்ணினேன். அன்றிரவு அமைதியாக எண்ணிப் பார்த்தபோது, அவர் பேசியது பதவியைப் பற்றி அன்று, கேட்ட முறையைப் பற்றி என்பது விளங்கியது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

2014ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் நடைபெற்ற பொது வாக்கெடுப்பைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தாயார் என் நினைவுக்கு வருகிறார். பிரிட்டனோடு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இணைந்திருந்த ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்பதை அந்நாட்டு மக்களே அந்த ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் முடிவு செய்தனர். அந்த வாக்கெடுப்பில் ஆசிரியர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடங்கள் நிறைய உள்ளன.

முதற்பாடம், கேள்வி கேட்கும் முறை. "ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக வேண்டும் என்பதை நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்கவே ஸ்காட்லாந்து அரசு முதலில் எண்ணியிருந்தது. தேர்தல் ஆணையம் அதனைப் பொதுமக்களிடம் சோதித்துப் பார்த்தது. 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்ற சொல்லே மக்களை 'ஆம்' என்ற பக்கம் சாய்க்கக்கூடும் என்று 2013ஆம் ஆண்டு சனவரியில் கருத்துரைத்தது. அரசும் அதனை ஏற்று, "ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?" என்று கேள்வியை மாற்றியது. நான் என் வகுப்பில் பயன்படுத்தியதும் இதே 'ஒப்புக்கொள்' என்ற சொல்தான்! வினாத்தாள் தயாரிக்கும்போது கேள்விக்குள் விடை ஒளிந்திருக்கக் கூடாது என்று பயிற்சிக் கல்லூரியில் படித்தவள், வாக்கெடுப்பில் அதனை மறந்துவிட்டேன்.

கேள்வியின் அமைப்பு எத்துணை முக்கியம் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. 1962ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் சிங்கப்பூர் மக்களிடம் மலேசிய இணைப்பைப் பற்றி வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. சீட்டில் மூன்று தெரிவுகள் இருந்தன. மூன்றும் எப்படி இணைவது என்பதைப் பற்றியவையே. 'இணைய வேண்டாம்' என்பதற்கு இடமே இல்லை. எதிர்த்தரப்பான பாரிசான் சோசலிஸ், எதையும் குறிக்காமல் வெற்றுச் சீட்டைப் போடும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. அரசு விரும்பிய தெரிவுக்குச் சுமார் 71 விழுக்காட்டு வாக்குகள் கிடைத்தன. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குச் சீட்டுகள் வெறுமையாக இருந்தன. விடை சொல்ல இடம் தராத தாளில் மாணவன் எழுதாமல் விடுவதும் ஒரு விடைதானே!

மீண்டும் ஸ்காட்லாந்துக்கு வருவோம். இந்த வாக்கெடுப்பில் பதினாறு, பதினேழு வயதினருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. அவ்வயதினர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். பள்ளிச் சீருடையைக் கழற்றாத வயதில் அவர்கள் ஒரு நாட்டின் தலைவிதியைப் பற்றி விவாதித்தனர். வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, கிளாஸ்கோ நகரின் பெரிய அரங்கொன்றில் ஆயிரக்கணக்கான இளையோர் திரண்டு தலைவர்களைக் கேள்வி கேட்டனர். மொத்தத்தில் 84.6 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 'வேண்டாம்' என்றோர் 55.3 விழுக்காடு. 'வேண்டும்' என்றோர் 44.7 விழுக்காடு. அதாவது, பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மறுநாள் காலை தோற்றவர்களாகக் கண்விழித்தனர்.

வாக்களிப்பது ஒரு நாள் வேலை. தோல்வியோடு வாழ்வது பல நாள் வேலை. அந்த மறுநாளில் என்னவெல்லாம் நடந்தன என்பதே நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க கதை என்பது என் கருத்து.

எல்லாம் அழகாக நடந்தன என்று சொல்ல மாட்டேன். மக்கள் அழுதனர். வாக்கு எண்ணுவதில் மோசடி என்று காணொளிகள் பரவின. 'வேண்டாம்' என்ற மேசையில் 'வேண்டும்' என்ற சீட்டுகள் கிடக்கின்றன என்றார்கள். அவை இன்னும் பிரிக்கப்படாத கட்டுகள் என்று அதிகாரிகள் விளக்க வேண்டியதாயிற்று. கிளாஸ்கோ நகரம் 'வேண்டும்' என்று வாக்களித்த நகரம். செப்டம்பர் 19ஆம் நாள் மாலை, அந்நகரின் ஜார்ஜ் சதுக்கத்தில் கூடியிருந்த தோற்ற தரப்பினரிடம் வென்ற தரப்பைச் சேர்ந்த ஒரு கூட்டம் வந்து மோதியது. காவல்துறையினர் தலையிட்டனர்.

வென்ற தலைவர்களும் தவறினர். பிரதமர் டேவிட் கேமரன், முடிவு வந்த காலையிலேயே ஸ்காட்லாந்துக்கு வாக்களித்த கூடுதல் அதிகாரங்களைப் பற்றிப் பேசும்போது, இங்கிலாந்தின் சட்டங்களுக்கு இங்கிலாந்து உறுப்பினர்களே வாக்களிக்க வேண்டும் என்ற வேறொரு கோரிக்கையையும் இணைத்துப் பேசினார். ஆறுதல் எதிர்பார்த்த காலையில் கணக்குப் பேசியது பலரைப் புண்படுத்தியது. சில நாள்களில், முடிவைக் கேட்டு அரசியார் அடைந்த மகிழ்ச்சியைப் பூனையின் இன்ப முனகலோடு ஒப்பிட்டு அவர் தனியே பேசியது ஒலிவாங்கியில் பதிவாகிவிட்டது. பிறகு வருத்தம் தெரிவித்தார்.

ஆயினும், நல்லவையும் நடந்தன. சுதந்திரத் தரப்பின் தலைவர் அலெக்ஸ் சால்மண்ட் விடியற்காலையிலேயே முடிவை ஏற்றுக்கொண்டார். அன்றே பதவி விலகுவதாகவும் அறிவித்தார். மோசடி என்ற கூச்சலுக்கு அவர் எண்ணெய் ஊற்றவில்லை. கேள்வியும் விதிமுறைகளும் இரு அரசுகளும் 2012ஆம் ஆண்டு எடின்பரோவில் செய்துகொண்ட உடன்பாட்டின் வழி வந்தவை. ஆட்டத்தின் விதியை முன்பே ஒப்புக்கொண்டவர் தோற்றபின் விதியைக் குறைகூற இயலாது அல்லவா? ஞாயிற்றுக்கிழமை எடின்பரோவின் செயின்ட் ஜைல்ஸ் பேராலயத்தில் நடந்த நல்லிணக்க வழிபாட்டில் இரு தரப்புப் பிரமுகர்களும் ஒன்றாக அமர்ந்தனர்.

தோற்றவர்கள் ஓய்ந்து போகவும் இல்லை. அவர்கள் கட்சியில் சேர்ந்தனர். சுமார் 25,000 உறுப்பினர்களைக் கொண்டிருந்த ஸ்காட்லாந்து தேசியக் கட்சி, சில மாதங்களில் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. 2015ஆம் ஆண்டு மே மாதப் பொதுத்தேர்தலில் ஸ்காட்லாந்தின் 59 இடங்களில் 56 இடங்களை வென்றது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியது புதிய மனக்கசப்பைத் தந்தது. 2016ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினர் விலக வேண்டாம் என்றே வாக்களித்திருந்தனர். மறுபடியும் ஒரு வாக்கெடுப்பை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தானாகவே நடத்த இயலாது என்று 2022ஆம் ஆண்டு நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. எனினும் அது மேடையிலும் வாக்குச்சாவடியிலும் நீதிமன்றத்திலும் பேசப்படுகிறது. அதுவே பெரிய செய்தி.

இதையெல்லாம் தொடக்கப்பள்ளியில் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டில் வாக்களிக்கும் வயதைப் பதினெட்டாகக் குறைக்கும் சட்டத்திருத்தம் 2019ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2021ஆம் ஆண்டு டிசம்பரில் நடப்புக்கு வந்தது. பதிவும் தானாகவே நடந்துவிடுகிறது. இன்று ஐந்தாம் ஆண்டில் என் முன் அமர்ந்திருக்கும் பிள்ளை ஏழே ஆண்டுகளில் வாக்காளர். நன்னெறிப் பாடத்தில் 'வாக்களிப்பது நம் கடமை' என்று எழுதச் சொல்கிறோம். தோற்றால் என்ன செய்வது என்று யார் சொல்லித் தருகிறோம்? வென்றால் எப்படி நடந்துகொள்வது என்று எந்தப் பயிற்றியில் இருக்கிறது?

அந்தத் தாயாருக்குப் பின் என் வகுப்பில் சில மாற்றங்கள் செய்தேன். இரு பெயர்களையும் கரும்பலகையில் ஒரே அளவில் எழுதுகிறேன். சீட்டில் எழுதி மடித்துப் பெட்டியில் போடச் சொல்கிறேன். போட்டியிடுபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தோழர் நின்று எண்ணிக்கையைப் பார்க்கிறார். முடிவை அறிவித்தவுடன் கைதட்டச் சொல்வதில்லை. வென்றவர் முதலில் பேச வேண்டும். அதுவும் தமக்கு வாக்களிக்காதவர்களைப் பார்த்துப் பேச வேண்டும். தோற்றவர் தம் திட்டங்களில் ஒன்றைச் சொல்ல, வகுப்பு அதனையும் அவ்வாண்டு செய்து பார்க்கிறது. சென்ற முறை அது வகுப்பறைப் பின்சுவரில் ஒரு வாசிப்பு மூலை. அதனை அமைத்தவன் தோற்ற மாணவன்தான். தலைவி நாற்காலி தூக்கினாள்.

பெற்றோர்களே, வீட்டிலும் ஒன்று செய்யலாம். பிள்ளை தோற்று வந்தால், "உன்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். முறை சரியாக இருந்ததா என்று கேளுங்கள். சரியில்லை என்றால், அந்தத் தாயாரைப் போல் ஆசிரியரிடம் நேரே வந்து கேளுங்கள். நாங்கள் திருத்திக்கொள்வோம். முறை சரிதான் என்றால், "நாளைக்கு என்ன செய்யப் போகிறாய்?" என்று மட்டும் கேளுங்கள்.