காரணம் அறிந்த சுத்தமே நிலைக்கும்



"கையைக் கழுவு, உணவை மூடி வை, காயத்தைக் கவனி" என்று வீட்டிலும் பள்ளியிலும் நாள்தோறும் கேட்கிறோம். ஏன் என்று விளக்குவோர் சிலரே. சுகாதாரப் பாடம் வெறும் கட்டளைகளாக இராமல், பாக்டீரியாக்கள் எந்தச் சூழ்நிலையில் வளர்கின்றன என்று கற்பிப்பதாக அமைய வேண்டும் என்பதே என் கருத்து.

பாக்டீரியா பெருக உணவு, ஈரம், ஏற்ற வெப்பம் ஆகியவை வேண்டும். இவை நன்கு அமைந்தால் சில வகைகள் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அவ்வாறு பிரிந்தால், ஒன்று 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும்! வற்றல் கெடாமலிருப்பது ஈரமின்மையால். கொதிக்கும் பாலில் உறை ஊற்றினால் தயிர் தோயாதது, சூட்டில் பாக்டீரியா மடிவதால்.

எல்லா உயிர்களுக்கும் காற்று வேண்டும் என்றே முன்னோர் எண்ணினர். 1861-ல் லூயி பாஸ்டர், காற்றின்றி வாழும் நுண்ணுயிர்களும் உண்டு என்று கண்டறிந்தார். பிராணவாயுவைக் கொண்டு சர்க்கரையை முழுவதும் எரிக்கும் பாக்டீரியா மிகுந்த ஆற்றல் பெறும். அது இல்லாதபோது நொதித்தலால் சிறிதளவே பெறும். இட்லி மாவு புளித்துப் பொங்குவது இந்த நொதித்தலால் அன்றோ!

மாவைப் பொங்க வைக்கும் பாக்டீரியா நமக்கு நண்பன். ஆனால் டெட்டனஸ் கிருமியோ, காற்று புகாத ஆழமான காயத்தில் வளரும் பகைவன். 1889-ல் ஜப்பானிய அறிஞர் கிடசாட்டோ அதைக் காற்றில்லாச் சூழலில் தனியே வளர்த்துக் காட்டினார். இதை அறிந்த சிறுமி, ஆணி குத்திய காயம் சிறியதுதானே என்று மறைக்கமாட்டாள். உடனே பெரியவர்களிடம் சொல்வாள்.

"மீந்த சோற்றைச் சூடு பண்ணினால் போதும்" என்பாரும் உளர். பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் பிழைக்கும். வெகுநேரம் வெளியே வைத்த சோற்றில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கலாம். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. ஆகவே சமைத்த உணவை 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாக வைக்க வேண்டும். இல்லையேல் விரைவில் ஆறவைத்து 5 டிகிரிக்குக் கீழே குளிர வைக்க வேண்டும். குளிரும் கிருமிகளைக் கொல்வதில்லை. அவற்றின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே.

இவையெல்லாம் சிறுமியருக்குப் புரியுமா என்று சிலர் கேட்கலாம். தயிரும் மாவும் உள்ள சமையலறையே நல்ல ஆய்வுக்கூடம். பெற்றோரே, ஆசிரியைகளே! "செய்" என்று சொல்லும்போது "ஏன்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கட்டளை மறந்துபோகும், காரணம் மறவாது.