வேகம் இருக்கட்டும், வரிசை எங்கே?

பாட்டை எம்பி3 ஆக்குற மென்பொருள்னு பேச்செடுத்தாலே நம்ம மக்கள் வேகத்தைத்தான் கேட்கிறாங்க. எனக்கென்னவோ முதல்ல வரிசை சரியாகணும்னு படுது.

லேம் என்கோடர் ஒரு பாட்டுக்கு ப்ராசசரோட ஒரே ஒரு கோரைத்தான் பயன்படுத்தும். அதனால நாலு பாட்டைச் சேர்த்து ஓட்டுறது நல்ல யோசனைதான். ஆனா முடிய முடிய பென்டிரைவ்ல எழுதினா குட்டிப் பாட்டு முந்திக்கும். மைக்செட்ல இருக்கிற மலிவு பிளேயர் பலதும் பெயரைப் பார்க்காது, எழுதின வரிசையிலதான் பாடும். நத்தம் மாரியம்மன் மாசித் திருவிழாவுல பிள்ளையார் பாட்டுக்கு முன்னாடி குத்துப்பாட்டு ஓடுச்சுன்னா மைக்செட்காரர் கதி என்ன? :-) எல்லாம் முடிஞ்சப்புறம் அடுக்கி எழுதுங்கப்பா.

அடுக்குறதுலயும் ஒரு வில்லங்கம். யுனிகோடு எண்ணை அப்படியே வச்சு அடுக்கினா 'அள்ளி', 'அழகு', 'அவள்'னு வரும். நம்ம அகராதியில அப்படியே தலைகீழ்: வ, ழ, ள. தமிழ் அகரவரிசைக்கான விதி ஐசியூ நூலகத்துல தயாரா இருக்கு, கூப்பிட்டாப் போதும். ஆயிரம் பாட்டுப் பெயரை அடுக்க ஒரு நொடிகூட ஆகாது. ஆயிரம் பாட்டை எம்பி3 ஆக்குற நேரத்துல இதெல்லாம் ஒரு செலவா?